முத்திரை இல்லாத தராசு

"தம்பி, 384 யூனிட் எங்க போச்சு?"

விருதுநகரில் எங்கள் அடுத்த தெருவில் இருக்கும் டீச்சர் கேட்ட கேள்வி இது. கணக்கு டீச்சர், ஓய்வு பெற்றவர். மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டார். மானியம் 78,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. போட்டுக் கொடுத்தவர்கள் செல்போனில் ஓர் ஆப்பையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து காலைக் காபிக்கு முன்னால் ஆப்பைத் திறந்து, நேற்றைய யூனிட்டைப் பார்த்து, கிழித்த தினசரித் தாளின் பின்பக்கம் குறித்து வைப்பது டீச்சரின் வழக்கம். இரண்டு மாதத்தில் ஆப் காட்டிய உற்பத்தி 702 யூனிட். வாசலில் இருக்கும் இருவழி மீட்டரில் ஈ.பி.க்குப் போனதாகப் பதிவானது 318. கழித்தால் 384.

கம்பெனிக்குப் போன் போட்டார். "மீட்டர்ல கோளாறு இருக்கும்மா" என்றார்கள். ஈ.பி. ஆபீஸில் கேட்டார். "இன்வெர்ட்டர் கூடுதலா காட்டும்மா, அதை நம்பாதீங்க" என்றார்கள். இருவருமே மாடிப்படி ஏறிப் பார்க்கவில்லை. டீச்சர் தாள்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி என்னிடம் கொண்டுவந்தார்.

இதே கேள்வியைச் சிவகாசி அச்சகங்களில் கேட்டிருக்கிறேன், சாத்தூரில் கேட்டிருக்கிறேன், ராஜபாளையத்து நூற்பாலை அலுவலகத்திலும் கேட்டிருக்கிறேன். தொகைதான் வேறு. வெயிலுக்குப் பஞ்சமில்லாத மாவட்டம் இது. அந்த வெயிலை இப்போது யூனிட்டாக எண்ணத் தொடங்கியிருக்கிறோம். எண்ணுகிற கருவி எவ்வளவு சரியாக எண்ணுகிறது என்று கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இன்வெர்ட்டரின் வேலை எண்ணுவது அல்ல

முதலில் இன்வெர்ட்டர் என்ன செய்கிறது என்று பார்ப்போம். பேனலிலிருந்து வருவது நேர்மின்சாரம். வீட்டுக்கும் ஈ.பி. கம்பிக்கும் வேண்டியது நொடிக்கு 50 சுழற்சியாகத் திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். முன்னதைப் பின்னதாக மாற்றுவது முதல் வேலை. கம்பியில் கரண்ட் போய்விட்டால் உடனே தானும் நின்றுவிடுவது இரண்டாவது. கம்பத்தில் ஏறி வேலை பார்ப்பவரின் உயிர் அதில் இருக்கிறது. மூன்றாவது, பேனலிலிருந்து அந்த நேரத்தில் எடுக்கக்கூடிய அதிகபட்சத்தை எடுப்பது.

இந்த மூன்றாவது வேலையில்தான் விஷயம் இருக்கிறது. மேகம் வருகிறது, போகிறது, வெப்பம் ஏறுகிறது, இறங்குகிறது. ஒவ்வொரு கணமும் எந்த வோல்ட்டேஜில் இழுத்தால் அதிகம் கிடைக்கும் என்று இன்வெர்ட்டர் தேடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்சம் நகர்த்திப் பார்க்கிறது. கூடினால் அதே பக்கம் போகிறது, குறைந்தால் திரும்பி வருகிறது. இதற்கு அதற்குத் தெரிய வேண்டியது 'முன்னதைவிடக் கூடுதலா, குறைவா' என்பது மட்டும்தான். 'துல்லியமாக எவ்வளவு' என்பது அதற்குத் தேவையே இல்லை. இருட்டில் மேட்டில் ஏறுகிறவனுக்கு அடுத்த அடி மேலே போகிறதா என்று தெரிந்தால் போதும். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று தெரிய வேண்டியதில்லை.

ஆகவே உள்ளே இருக்கும் கரண்ட் சென்சார் அந்த வேலைக்குத் தகுந்த அளவில்தான் இருக்கிறது. சூட்டில் அதன் கணக்கு நகரும். கொஞ்சம் பூஜ்யம் தள்ளி நிற்கும். மாடியில் சமநிலையில் ஓடும்போது 2 சதவீதம், 3 சதவீதம் தவறு வருவது சாதாரணம். 5 சதவீதம் வரை போகலாம் என்று தயாரிப்பாளர்களே விவரப் புத்தகத்தில் எழுதுகிறார்கள். ஜெர்மனியின் எஸ்.எம்.ஏ. போன்ற பெரிய நிறுவனங்கள் இதில் நேர்மையாக இருக்கின்றன: திரையில் காட்டும் எண் உண்மையான அளவிலிருந்து விலகலாம், பில் போட இதைப் பயன்படுத்தக் கூடாது என்று கையேட்டிலேயே எச்சரிக்கிறார்கள். அந்தப் பக்கத்தை வாங்குகிறவருக்கு யாரும் காட்டுவதில்லை. ஆப்பில் வரும் எண்ணோ இரண்டு தசம தானத்தோடு வருகிறது. 11.37 யூனிட் என்று பார்த்ததும் அந்த .37 மனதில் நம்பிக்கையை விதைத்துவிடுகிறது. 5 சதவீதம் தள்ளாடக்கூடிய கருவியில் அந்த 11-க்கே அரை யூனிட்டுக்கு மேல் அங்குமிங்கும் போக இடமிருக்கிறது.

காலையும் மாலையும் நிலைமை இன்னும் மோசம். 5 கிலோவாட் இன்வெர்ட்டரின் சென்சார் அதன் முழு அளவில் 1 சதவீதம் பிசகுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 50 வாட். நடுப்பகலில் 4,000 வாட் ஓடும்போது அது கண்ணில் படாது. காலை ஆறேமுக்காலுக்கு 200 வாட் வரும்போது அதே 50 வாட், கால் பங்கு. சில இன்வெர்ட்டர்கள் இருட்டிய பிறகும் 5 வாட், 10 வாட் என்று எதையோ எண்ணிக்கொண்டிருப்பதும் இதனால்தான். இன்னும் சில, பேனலிலிருந்து வந்த நேர்மின்சாரத்தை அளந்து அதையே 'உற்பத்தி' என்று காட்டிவிடுகின்றன. மாற்றும்போது இன்வெர்ட்டருக்குள்ளேயே வெப்பமாகப் போகும் 2, 3 சதவீதம் அந்தக் கணக்கில் கழியாது.

எடைக்கல் ஊர்

விருதுநகரில் பிறந்தவனுக்கு இதை விளக்க வேறொரு வழி இருக்கிறது. எங்கள் ஊர் மார்க்கெட் நிலவரத்தைப் பேப்பரில் பார்த்துத்தான் எத்தனையோ ஊர்க் கடைகளில் பருப்புக்கும் வத்தலுக்கும் எண்ணெய்க்கும் விலை வைத்தார்கள். சரக்கு எடை போடும்போதே ஒரு சிறு பங்கை மகமையாக எடுத்து வைத்து, அந்தப் பொதுப் பணத்தில் பள்ளிக்கூடம் நடத்திய ஊர். காமராஜர் படித்த க்ஷத்ரிய வித்யாசாலை அப்படி நடந்த பள்ளி. எடை தப்பினால் விலை தப்பும், மகமை தப்பும், பள்ளிக்கூடக் காசு தப்பும்.

அதனால்தான் கடையில் தராசு மட்டும் இருந்தால் போதாது, அதில் அரசு முத்திரை இருக்க வேண்டும். தொழிலாளர் துறை ஆய்வாளர் வருவார். தன்னிடமிருக்கும் சோதனைக் கல்லோடு ஒப்பிட்டு முத்திரை குத்துவார். மறுமுத்திரை போடாத தராசில் வியாபாரம் செய்தால் வழக்கு. தராசு சரியாகவே இருந்தாலும் வழக்குதான். சரியாக இருக்கிறது என்று விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாவது ஆள் சொல்லியிருக்க வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் உயிர்.

சிவகாசிப் பக்கம் இதையே வேறு விதமாகப் பழகியிருக்கிறார்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பியதிலிருந்து இந்தப் பகுதியில் பாதி வாழ்க்கை எண்ணிக்கையில் ஓடுகிறது. பெட்டி ஒட்டுவது குரோஸ் கணக்கு. ஒரு குரோஸ் 144. ஒட்டிய பெண் தன் கணக்கை வைத்திருப்பார், வாங்குகிறவர் தன் கணக்கை வைத்திருப்பார். இரண்டும் ஒத்தால்தான் சனிக்கிழமைக் கூலி சண்டையில்லாமல் கைக்கு வரும். ஒட்டியவர் எண்ணியதை மட்டும் வைத்து எந்த முதலாளியும் கூலி கொடுத்ததில்லை. முதலாளி எண்ணியதை மட்டும் வைத்து எந்தப் பெண்ணும் வாங்கிக்கொண்டு பேசாமல் போனதில்லை.

இன்வெர்ட்டர் என்பது தான் ஒட்டிய பெட்டியைத் தானே எண்ணிச் சொல்கிற ஆள். அது பொய் சொல்கிறது என்று நான் சொல்லவில்லை. அதன் எண்ணிக்கையை இன்னொருவர் எண்ணிப் பார்க்கவில்லை, அதன் தராசில் முத்திரை இல்லை.

மின்சாரத்துக்கும் எடைக்கும் நேரடி உறவே ஒரு காலத்தில் இருந்தது. 1880-களில் நியூயார்க்கில் எடிசன் வீடுகளுக்கு மின்சாரம் விற்கத் தொடங்கியபோது வைத்த மீட்டரில் முள்ளும் இல்லை, சக்கரமும் இல்லை. துத்தநாக சல்பேட் கரைசலில் இரண்டு துத்தநாகத் தகடுகள். ஓடும் மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு அதன் வழியே போகும். ஒரு தகடு கரையும், மற்றதில் படியும். மாதம் ஒரு முறை ஆள் வந்து தகட்டை எடுத்துப் போய்த் தராசில் நிறுத்துப் பில் போடுவார். வாடிக்கையாளர்களுக்கு எதுவும் புரியவில்லை. தன் கண்ணால் பார்க்க முடியாத எடைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று சலித்துக்கொண்டார்கள். பத்தாண்டுக்குள் சுழலும் தட்டு மீட்டர் வந்தது. நம் வீட்டு நடையில் கறுப்புப் பெட்டிக்குள் அலுமினியத் தட்டு சுற்றியதே, அந்தக் குடும்பம். சின்னப் பையனாக நான் அதை வேடிக்கை பார்த்திருக்கிறேன். அரவை மோட்டார் போட்டால் தட்டு வேகமாகச் சுற்றும். எவ்வளவு செலவாகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது.

யூனிட் என்றால் காசு

எண் கொஞ்சம் முன்பின் இருந்தால் என்ன என்று கேட்கலாம். பில் போடுவது ஈ.பி. மீட்டரை வைத்துத்தானே? வீட்டைப் பொறுத்தவரை பாதி உண்மை. ஆனால் உற்பத்தி யூனிட்டுக்கே நேரடியாகக் காசு கட்டிய திட்டங்கள் தமிழ்நாட்டில் இருந்திருக்கின்றன. 2012 அக்டோபரில் வந்த தமிழ்நாடு சூரிய எரிசக்திக் கொள்கையில், 2014 மார்ச்சுக்குள் மாடியில் சோலார் போடும் வீடுகளுக்கு உற்பத்தி ஊக்கத்தொகை அறிவித்தார்கள். முதல் இரண்டு ஆண்டு யூனிட்டுக்கு 2 ரூபாய், அடுத்த இரண்டு ஆண்டு 1 ரூபாய், அதற்கடுத்த இரண்டு ஆண்டு 50 பைசா. எத்தனை யூனிட் என்பதை யார் சொல்வது? அந்த இடத்தில் இன்வெர்ட்டர் திரை போதாது, உற்பத்திக்கென்று தனி மீட்டர் வேண்டியிருந்தது.

பிறகு காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. ஊக்கத்தொகை போய்க் கட்டணம் வந்தது. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021 அக்டோபர் 22 உத்தரவுக்குப் பிறகு, தொழிற்சாலை மாடியில் உற்பத்தியாகும் சூரிய மின்சாரத்துக்கு வலையமைப்புக் கட்டணம் என்று யூனிட்டுக்கு இவ்வளவு என வசூலிக்கத் தொடங்கினார்கள். என் கூரையில் விளைந்து என் மிஷினிலேயே செலவானதற்கு எதற்குக் கட்டணம் என்று சிறு தொழில்காரர்கள் கேட்டார்கள்; நூற்பாலைகள் உயர் நீதிமன்றத்துக்கே போயின. அந்தச் சண்டையின் நியாயம் தனிக் கட்டுரைக்குரியது. இங்கே சொல்ல வேண்டியது ஒன்றுதான்: உற்பத்தி யூனிட்டின் மேல் ஒரு பைசா வைத்தாலும், அந்த யூனிட்டை எண்ணும் கருவி தராசாகிவிடுகிறது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் பக்கம் 1 கிலோவாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் என்பது எல்லோரும் வைக்கும் கணக்கு. சிவகாசியில் 100 கிலோவாட் போட்டிருக்கும் அச்சகத்துக்கு ஆண்டுக்கு 1,46,000 யூனிட். இதில் 3 சதவீதம் 4,380 யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தால் 30,660 ரூபாய். பேனலுக்கு ஆயுள் 25 ஆண்டு. கூரையை மட்டும் கொடுத்து, வேறொருவர் போட்ட பேனலிலிருந்து யூனிட் விலைக்கு மின்சாரம் வாங்கும் ஒப்பந்தங்களும் இப்போது பெருகிவிட்டன. அங்கே இன்வெர்ட்டர் கணக்கில் பில் போட ஒப்புக்கொள்வது, விற்கிறவர் வீட்டுத் தராசில் தங்கம் வாங்குவதற்குச் சமம்.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்? கலிபோர்னியாவில் 2007-ல் தொடங்கிய சோலார் திட்டத்தில் தெளிவாகப் பிரித்தார்கள். மானியத்தை முன்னதாகவே மொத்தமாகக் கொடுக்கும் சிறிய அமைப்புகளுக்கு 5 சதவீதத்துக்குள் காட்டும் அளவி போதும். உற்பத்தியாகும் யூனிட்டுக்குக் காசு கொடுப்பதென்றால் 2 சதவீதத்துக்குள் காட்ட வேண்டும். பிரிட்டனில் 2010 ஏப்ரலில் யூனிட்டுக்குக் காசு கொடுக்கும் திட்டம் வந்தபோது, இன்வெர்ட்டருக்கு வெளியே அங்கீகரித்த உற்பத்தி மீட்டர் இருந்தால்தான் பணம். நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. மத்திய மின்சார ஆணையத்தின் மீட்டர் ஒழுங்குமுறைப்படி 650 வோல்ட் வரையிலான இணைப்பில் மீட்டர் 1.0 வகுப்பு, அதாவது 1 சதவீதத்துக்குள்; அதற்கு மேல் 33 கிலோவோல்ட் வரை 0.5 வகுப்பு, அதற்கும் மேலே 0.2. வாசலில் ஈ.பி. மாட்டியிருக்கும் பெட்டி இந்தப் பரீட்சையில் தேறி வந்தது. மாடியில் இருக்கும் இன்வெர்ட்டர் எழுதிய பரீட்சைகள் வேறு: ஷாக் அடிக்காதா, தீப்பிடிக்காதா, கரண்ட் போனால் நிற்கிறதா. அவை உயிர் காக்கும் பரீட்சைகள். ஆனால் எண்ணும் பரீட்சை அவற்றில் இல்லை.

கமுதியில் எப்படி?

அருப்புக்கோட்டையைத் தாண்டித் தென்கிழக்கே போனால் கமுதி. ராமநாதபுரம் மாவட்டம், ஆனால் நம் கருவேலங்காடும் கரிசலும் அப்படியே தொடர்கிற மண். அங்கே அதானி நிறுவனத்தின் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016 செப்டம்பரில் செயல்படத் தொடங்கியது. 25 லட்சம் பேனல். ஓரிடத்தில் அமைந்த சூரிய மின் நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று அப்போது பேசப்பட்டது.

அத்தனை பெரிய நிலையத்திலும் இன்வெர்ட்டர்கள் யூனிட்டை எண்ணிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்த எண்ணுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. மின்சாரம் நிலையத்தைவிட்டு வெளியேறும் இடத்தில் முத்திரையிட்ட மீட்டரில்தான் கணக்கு. அதுவும் ஒன்றல்ல: மெயின் மீட்டர், அதை உறுதிப்படுத்த செக் மீட்டர், இரண்டும் கைவிட்டால் ஸ்டேண்ட்பை மீட்டர் என்பது மத்திய ஆணையத்தின் விதி. மெயினும் செக்கும் ஒத்துப் போகவில்லை என்றால் இரண்டு தரப்பும் கூடி நின்று சோதிப்பார்கள். பெரிய முதலாளிகளுக்குள் ஏமாறாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு இருக்கிறது. 3 கிலோவாட் டீச்சருக்கு ஓர் ஆப் போதும் என்று நாம் எப்போது முடிவு செய்தோம்?

எண்ணிக்கை தப்பினால் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு ஸ்பெயின் ஓர் உதாரணம். அங்கே சூரிய மின்சாரத்துக்கு யூனிட்டுக்குக் கொழுத்த விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2010-ல் பதிவேடுகளைப் பார்த்தபோது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே சூரிய மின்சாரம் உற்பத்தியானதாகக் கணக்கு வந்திருந்தது. டீசல் ஜெனரேட்டர் ஓட்டினார்களா, பதிவில் குழப்பமா என்று பத்திரிகைகள் கேள்வி கேட்க, நாடே அதைப் பேசியது.

வெயில் அதிகம், கரண்ட் குறைவு

நம் மாவட்டத்துக்கே உரிய சில குழப்பங்களையும் சொல்ல வேண்டும். கருவியில் தவறே இல்லாதபோதும் தவறு போலத் தெரிபவை இவை.

சித்திரை வெயிலில் பட்டாசு ஆலைகளில் மருந்து காய்கிற மேடையில் கால் வைக்க முடியாது. பட்டாசுக்காரர்களுக்குச் சூரியனைத் தெரியும். மருந்து அறைகளில் மின்சாரமே கிடையாது. பகல் வெளிச்சத்தில்தான் வேலை, காய்வது வெயிலில். இந்த வறண்ட வெயிலை நம்பித்தான் தீப்பெட்டியும் பட்டாசும் இங்கே ஊன்றின. அதனால் 'இவ்வளவு வெயிலுக்கு இவ்வளவு கரண்ட் வரணுமே' என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆனால் பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. பேனலின் 3 கிலோவாட் என்ற பெயர் 25 டிகிரியில் வைத்த பெயர். சித்திரை நடுப்பகலில் மாடிப் பேனலின் சூடு 65 டிகிரியைத் தொடும். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.35 சதவீதம் குறைந்தால், 40 டிகிரிக்கு 14 சதவீதம் போச்சு. மேலே தூசி. மொத்தத்தில் 2.4 கிலோவாட் காட்டினால் அது கருவியின் தவறல்ல. மழை விட்டு, பேனல் கழுவிக் குளிர்ந்து, மேக விளிம்பிலிருந்து வெயில் பளிச்சென்று விழும் ஐப்பசி மதியத்தில் அதே 3 கிலோவாட் பேனல் சில நிமிடங்கள் 3-ஐத் தாண்டிக் காட்டுவதுண்டு. அதுவும் தவறல்ல.

இன்னொன்று நேரம். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது பெரும்பாலும் பகல் 12.20 வாக்கில், இந்திய நேரக் கோட்டுக்கு மேற்கே நாம் இருக்கிறோம் அல்லவா. ஆப்பில் வளைகோட்டின் உச்சி பிற்பகல் 2.50-க்கு நிற்கிறது என்றால் பேனல் மேற்கே பார்த்திருக்க வேண்டும், அல்லது இன்வெர்ட்டரின் கடிகாரம் சீன நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சீன நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால். வந்த பெட்டியில் நேரத்தை மாற்றாமலேயே மாட்டிவிட்டுப் போவது சாதாரணம்.

கம்பி விஷயம் பலருக்குத் தெரியாது. மாடியில் இன்வெர்ட்டர், தெருவாசலில் மீட்டர், நடுவே 30 மீட்டர் கம்பி. 5 கிலோவாட் ஒற்றை பேஸில் ஓடும்போது 22 ஆம்பியர் வரும். 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டிருந்தால் போகவர 60 மீட்டரில் ஏறத்தாழ 130 வாட் வெப்பமாகப் போய்விடும். 2.6 சதவீதம். இன்வெர்ட்டர் அனுப்பியதை எண்ணுகிறது, மீட்டர் வந்து சேர்ந்ததை எண்ணுகிறது. இரண்டும் சரிதான், வழியில் சிந்தியதுதான் வித்தியாசம். கம்பி செலவை மிச்சம் பிடித்த இடத்தில் இன்னொரு நஷ்டமும் வரும். மெல்லிய கம்பியில் கரண்டைத் தள்ள இன்வெர்ட்டர் வோல்ட்டேஜை உயர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, சிவகாசியில் அச்சகங்கள் எல்லாம் மூடியிருக்கும், தெருவில் ஏற்கெனவே வோல்ட்டேஜ் ஏறி நிற்கும். 253 வோல்ட்டைத் தாண்டினால் இன்வெர்ட்டர் விதிப்படி கழன்றுகொள்ளும். கொளுத்தும் வெயிலில் பேனல் சும்மா கிடக்கும்.

ஓர் எச்சரிக்கை. இருவழி மீட்டர் மாட்டுவதற்கு முன்னால் "சும்மா ஓட்டிப் பார்ப்போம்ணே" என்று சோலாரை ஆன் செய்ய விடாதீர்கள். பழைய எலக்ட்ரானிக் மீட்டர்கள் பலவும் திருட்டைத் தடுப்பதற்காக, கரண்ட் எந்தப் பக்கம் போனாலும் செலவு என்றே எண்ணும்படி செய்யப்பட்டவை. நீங்கள் ஈ.பி.க்குக் கொடுத்த யூனிட்டுக்கு நீங்களே பில் கட்ட நேரும். அப்படிக் கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

என்ன கேட்க வேண்டும்

பி.எம். சூர்ய கர் திட்டத்துக்கு 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒதுக்கியது 75,021 கோடி ரூபாய். இலக்கு ஒரு கோடி வீடு. ஒரு கோடி மாடிகளில் எவ்வளவு விளைகிறது என்பதை வீட்டுக்காரர் தெரிந்துகொள்ள இன்று பெரும்பாலும் இருக்கும் ஒரே வழி முத்திரையில்லாத அந்த எண்தான். வாசல் மீட்டர் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் மட்டும் சொல்லும். மாடியில் விளைந்து வீட்டுக்குள்ளேயே செலவானதை அது பார்ப்பதே இல்லை. பேனல் மெல்லப் பழுதாகிறதா, ஒரு வரிசை செத்துவிட்டதா, கம்பெனி சொன்ன உத்தரவாதம் நிறைவேறுகிறதா என்று தெரிய வேண்டுமானால் இன்வெர்ட்டருக்கும் வீட்டு இணைப்புக்கும் நடுவே 1.0 வகுப்பு உற்பத்தி மீட்டர் ஒன்று வேண்டும். மொத்தச் செலவில் அது மிகச் சிறு பங்கு. மானியத்தோடு அதையும் கட்டாயமாக்கியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆப்பை நடத்தும் கம்பெனி கடையை மூடினால் அதிலிருக்கும் ஐந்தாண்டுக் கணக்கும் போய்விடும். மீட்டரில் ஓடிய எண் எங்கும் போகாது.

போட்டுக் கொடுக்க வருகிறவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இன்வெர்ட்டர் காட்டுவது பேனல் பக்கத்து அளவா, வீட்டுப் பக்கத்து அளவா? விவரப் புத்தகத்தில் அளவீட்டுத் தவறு எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறது? உத்தரவாதம் எந்த மீட்டர் கணக்கில்? மூன்றாவதற்குப் பதில் எழுத்தில் வேண்டும். வாசல் மீட்டரின் மேல் சந்தேகம் வந்தால் மின் பகிர்மானக் கழகத்திடம் கட்டணம் கட்டிச் சோதிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. சரியான மீட்டர் இல்லாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது என்பது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-வது பிரிவு.

அதற்கு முன்னால் நாமே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனையும் இருக்கிறது. அதைத்தான் டீச்சர் வீட்டில் செய்தோம்.

ஞாயிற்றுக்கிழமை, மேகமில்லாத பகல், பன்னிரண்டரை மணி. எலக்ட்ரீஷியன் தம்பி வீட்டுக்குள் போகும் மெயினை ஆஃப் செய்தார். சோலார் லைனை மட்டும் விட்டுவைத்தார். இப்போது மாடியில் விளைவதெல்லாம் மீட்டர் வழியாகத் தெருவுக்குத்தான் போக வேண்டும், வேறு வழியில்லை. ஆப் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் புதுப்பிக்கும் என்பதால் நான் மாடியில் இன்வெர்ட்டரின் திரைக்கு முன்னாலேயே நின்றேன். 2.40 கிலோவாட், அசையாமல்.

மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்புப் பொட்டு மின்னிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் 3200 என்று அச்சிட்டிருந்தது. 3,200 முறை மின்னினால் ஒரு யூனிட். அப்படியானால் 2.40 கிலோவாட்டில் நூறு மின்னலுக்கு 47 நொடி ஆக வேண்டும். டீச்சர் வகுப்பில் எண்ணுவது போலச் சத்தமாக எண்ணினார். எலக்ட்ரீஷியன் செல்போனில் நேரம் பார்த்தார். முதல் முறை 48. இரண்டாவது முறை 48. மூன்றாவது முறையும் 48.

டீச்சர் தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்குப் போட்டார். 48 நொடி என்றால் மீட்டருக்கு வந்து சேர்ந்தது 2.34 கிலோவாட். இன்வெர்ட்டர் சொன்னதைவிட இரண்டேகால் சதவீதம் குறைவு. அதில் கம்பியில் போனது கொஞ்சம், இன்வெர்ட்டர் கூடச் சொன்னது கொஞ்சம். 702-ல் அது 16 யூனிட்.

"அப்போ மீதி 368?"

அறுபது நாளுக்கு 368. நாளைக்கு ஆறு யூனிட்டுக்குச் சற்று மேலே. மெயினைத் திரும்பப் போட்டதும் உள்ளே ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டு எழுந்தது. கூடத்தில் மின்விசிறி சுற்றியது. மோட்டார், கிரைண்டர், மதியத் தூக்கத்துக்கு ஏ.சி. எல்லாம் பகலில் ஓடியவை, எல்லாம் மாடியிலிருந்து நேரே வந்து, வாசலுக்குப் போகாமலேயே தீர்ந்தவை. அந்த யூனிட்டுகள் காணாமல் போகவில்லை. டீச்சர் பில் கட்டாமல் செலவழித்திருக்கிறார்.

டீச்சர் அந்த எண்ணை இரண்டு முறை சரிபார்த்தார். பிறகு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த உற்பத்தி மீட்டர்னு சொன்னீங்களே, ஒண்ணு என்ன விலை?" என்று கேட்டார்.